நயினாருக்குக் கொடுத்தது

செப்டம்பர் 4, புதன்

நயினாருக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வயிறும் போகிறது. சங்கரன்கோவிலில் எந்த டாக்டரும் அவனைத் தொடத் தயாராக இல்லை. கிட்னி மாற்றிய உடம்பு, மதுரைக்கே கூட்டிப் போங்கள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டேன். எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா பாதியில் நிற்கிறது. தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றிருக்கிறான்.

"போகாதல, போகாதலன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"ஓரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன்க்கா. மாஸ்க் போட்டிருந்தேன்."

"பெரிய மாஸ்க்கு."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். இருபத்தொன்பது வயது. அம்மா போனபோது இவனுக்குப் பத்து. அன்றிலிருந்து நான் சொன்னதற்கெல்லாம் இப்படித்தான் திரும்பிப் படுப்பான்.

நாளை காலை முதல் பஸ்.

செப்டம்பர் 5, வியாழன்

மதுரை. அட்மிட் செய்துவிட்டார்கள். போன தை மாதம் நானும் அவனும் அடுத்தடுத்த தியேட்டரில் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரி. எஸ்தர் சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னக்கா, நீங்க செக்கப்புக்கு வரவே இல்லையே?" என்று கேட்டார். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது என்றேன்.

டாக்டர் பெனாசிர்தான் இப்போதும் கிட்னி வார்டு பார்க்கிறார். குள்ளமான உருவம், வேகமான பேச்சு. கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுவார். அதனாலேயே அவரிடம் கேட்கப் பயமாக இருக்கும். ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பக்கத்துத் தெரு லாட்ஜில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் உண்டு.

வீட்டுக்காரருக்கு போன் செய்து மதுரை வந்ததைச் சொன்னேன். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். கடையில் ஆள் இருந்திருப்பார்கள், டயர் கடையில் காலை நேரம் அப்படித்தான். மகள் தாரணி டியூஷன் போயிருப்பாள்.

செப்டம்பர் 7, சனி

டாக்டர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார்.

"சி.எம்.வி.ன்னு ஒரு வைரஸ்மா. குடலைப் பிடிச்சிருக்கு. ரத்தத்துலயும் நிறைய இருக்கு."

"தபசுக்குப் போனான் டாக்டர். கூட்டத்துல..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா." பேனாவை மூடி வைத்தார். "ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லியிருந்தோமே, ஞாபகம் இருக்கா? இந்த வைரஸ் உங்க உடம்புல இருந்துச்சு. தம்பிக்கு இல்லை."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர்."

"சின்னப் பிள்ளையில வந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல்னு போயிருப்பீங்க. நம்ம ஊர்ல பெரியவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது இருக்கு. வந்தா போகாது, உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். உங்க உடம்பு அதை எழும்ப விடாம வச்சிருக்கு. உங்க தம்பி அபூர்வமா இது வராமலே வளந்துட்டார். கிட்னியோட சேந்து அவருக்குள்ள போயிருக்கு. ஆறு மாசம் அதுக்குன்னே மாத்திரை குடுத்தோம். நிறுத்தினதும் முழிச்சிருச்சு."

அந்தச் சமயத்தில் எத்தனையோ சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். இதற்கும் ஆட்டியிருப்பேன்.

"என் கிட்னி இல்லாம வேற ஆளோடதா இருந்தா?"

"யார் குடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இதை நினைச்சு நீங்க உடையக் கூடாது."

வார்டுக்குத் திரும்பினேன். நயினார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா சொல்லுதாவ?"

"ஏதோ வைரஸாம். ஊசி போட்டா சரியாயிருமாம்."

"தபசுலதான் ஒட்டியிருக்குமோ?"

"கூட்டத்துக்குப் போனா அப்படித்தான்" என்றேன்.

அரை தம்ளர் கஞ்சிதான் குடித்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். தாரணிக்கு நாளை பரீட்சை. அதனால் போனில் பேசவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை. வைரஸைக் கொல்லும் ஊசியே ரத்தத்து வெள்ளணுக்களையும் குறைக்கிறதாம். இன்று இன்னும் குறைந்திருக்கிறது. வார்டுக்குள் போக எனக்குத் தனி உடை, தனிச் செருப்பு.

நயினார் முன்பு பள்ளி வேன் ஓட்டினான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா போன் செய்து விசாரித்தார். போனை அவன் காதில் வைத்தேன். "வந்துருவேன்க்கா, காலாண்டு லீவு முடிஞ்சதும் வந்துருவேன்" என்றான். வைத்த பிறகு, "எக்கா, அந்தத் தபசுக்கு மட்டும் போகாம இருந்திருக்கலாம்" என்றான். அவன் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

எஸ்தர் சிஸ்டர் சும்மா இருக்காமல் என் கையிலும் பி.பி. கருவியைச் சுற்றினார். கூடுதலாக இருக்கிறதாம். அலைச்சல்.

லாட்ஜ்காரர் எங்கள் குடும்பம் எங்கே என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். பிறகு யோசித்தால், நான் கோவில்பட்டி வீட்டில் படுத்து எழுந்து மாதக்கணக்காகிறது. ஆபரேஷன் முடிந்து வந்ததும் நான் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். அவர் அம்மா, என் அத்தை, தாரணியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நயினாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும், நான் சங்கரன்கோவிலில் தங்கினேன். ஜூனில் தாரணியின் பள்ளிக்கூடத்தையும் அவர் கோவில்பட்டிக்கே மாற்றிவிட்டார். கடையும் வீடும் பள்ளியும் ஒரே ஊரில் இருந்தால் வசதிதான். கிட்னி கொடுக்கிறபோது, அனுமதி தரும் கமிட்டி முன்னால் அவரும் சம்மதம் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

வைரஸ் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஊசிக்கு அது பழகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இன்று எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தே பேசினார்.

"வேற மருந்து ஒண்ணு இருக்கு. ஆனா அது நேரா கிட்னியத்தான் அடிக்கும். இப்ப இருக்கிற நிலைமையில அதைப் போட நான் பயப்படுறேன். இன்னொரு வழி இருக்கு. உங்க உடம்பு அக்கா கிட்னியை வெளி ஆளுன்னு நினைச்சுத் தாக்காம இருக்கத்தான் தினமும் மாத்திரை தர்றோம். அந்த மாத்திரை உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கட்டிப் போட்டிருக்கு. அதை அவிழ்த்துவிட்டா உடம்பே வைரஸோட சண்டை போடும்."

"கிட்னி?" என்று நான் கேட்டேன்.

"அவிழ்த்துவிட்டா கிட்னியையும் தாக்கலாம். தப்பிக்கவும் செய்யலாம். போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்மா. மறைக்க மாட்டேன்."

நயினார் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அக்காகிட்டக் கேளுங்க டாக்டர். அவ குடுத்தது."

"முடிவு உங்களோடதுங்க. உங்க உடம்பு."

"அவ என்ன சொல்லுதாளோ அதுதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சீக்கிரம் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

துணி நிறையச் சேர்ந்துவிட்டது. நயினாரின் கைலிகள், துண்டுகள், விரிப்புகள் எல்லாவற்றையும் டெட்டால் போட்டு அலசினேன். மாடியில் கொடி முழுக்க எங்கள் துணிதான். மதியம் மழை வருகிற மாதிரி இருந்தது, எடுத்தேன். வரவில்லை, திரும்பக் காயப்போட்டேன்.

அவருக்கு நாலைந்து தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அத்தையின் போனுக்கும் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறது.

மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினேன். வரிசை நீளம். நின்றேன். ஆபரேஷன் செய்த இடத்தில் தழும்பு இழுத்தது, கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி பார்த்துத் திரும்பும்போது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது.

வாங்க வேண்டியவை: சோப்பு, ஊக்கு, நயினாருக்கு உறிஞ்சு குழல்.

செப்டம்பர் 18, புதன்

காலையில் போனபோது படுக்கை காலி. ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தார்கள். வைரஸ் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. பேச முடியவில்லை.

"மாத்திரைய நிறுத்துங்க டாக்டர்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறான். எல்லாரும் அவசரமாக நடக்கிறார்கள்.

செப்டம்பர் 21, சனி

அப்படியே இருக்கிறான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

டாக்டர் பெனாசிர் என்னை வராந்தாவில் பார்த்துவிட்டு என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தன் அறைக்கு வெளியே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கெட்ட செய்திதான் என்று நினைத்தேன்.

"உங்க தம்பி ரத்தத்துல ஒண்ணு பாத்தோம். சொன்னா உங்களுக்குப் புரியும், நீங்க டீச்சர்."

பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கும் தோழிக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார். முடிவு வந்திருக்கிறதாம். அவர் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

வைரஸைக் கொல்வது வழக்கமாக டி செல் என்ற வெள்ளணு. ஆனால் அது தானாகப் போய் அடிக்காது. வைரஸின் ஒரு துண்டை வேறொரு செல் எடுத்து வந்து காட்ட வேண்டும், இதுதான் எதிரி என்று. அப்புறம்தான் அது பெருகும். நயினாரின் உடம்பில் அந்த வேலை முழுவதும் முடங்கிக் கிடந்தது. மாத்திரையை நிறுத்தியும் அது மெதுவாகத்தான் எழும்பும்.

"டி செல்லுலயே இன்னொரு சின்னக் கூட்டம் இருக்கு. காமா டெல்டான்னு பேரு. நூத்துக்கு அஞ்சு இருந்தா அதிகம். எங்க பாடப் புத்தகத்துல அதுக்கு அரைப்பக்கம்தான். அதுக்கு யாரும் எதையும் எடுத்துக் காட்ட வேணாம். வைரஸ் புகுந்த செல் நோவுல துடிக்கும் பாருங்க, அந்தத் துடிப்பையே கண்டுபிடிச்சு அதைக் கொன்னுரும். நம்ம மாத்திரைக்கும் அது அவ்வளவாக் கட்டுப்படறதில்லை. இந்த வைரஸ் வந்த கிட்னி பேஷண்ட்ஸ்ல சில பேருக்கு அது பெருகும். பெருகினவங்க பிழைக்கிறது அதிகம்னு பாத்திருக்காங்க."

"தம்பிக்கு?"

"நூத்துக்குப் பன்னெண்டு இருக்கு. ஏறுமுகமா இருக்கான்னு அடுத்த வாரம் மறுபடி பாக்கணும்."

"அது ஏறுறதுக்கு ஏதும் மருந்து இருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. என்கிட்ட இல்லை. யார்கிட்டயும் இன்னும் இல்லை. காத்திருக்கணும்."

நூற்றுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் அந்த மார்க்குக்குப் பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லுவோம்.

செப்டம்பர் 28, சனி

அவர் போன் எடுத்தார். நயினாரின் நிலைமையைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன்.

"அப்போ கிட்னி?"

"தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க எடுக்கலையே."

வைத்துவிட்டார். தாரணியைக் கேட்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

முப்பத்தொன்று.

காமா டெல்டா செல்லின் எண்ணை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வைரஸ் பாதிக்கும் கீழே வந்துவிட்டதாம். ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள். "இதுதான் காப்பாத்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மத்த செல்லும் எழும்பியிருக்கும். ஆனா முதல்ல வந்தது இதுங்கதான்."

உள்ளே விட்டார்கள். உதடு வெடித்திருந்தது. வெண்ணெய் தடவினேன்.

"எத்தனை நாளாச்சுக்கா?"

"ஆயிருச்சு. பேசாத."

"டாக்டர் கேட்டாவளே, அன்னைக்கு நீ என்ன சொன்ன? அடுத்த நாளு வரவே இல்ல?"

சிஸ்டர் உறை மாற்ற வேண்டும், வெளியே இருங்கள் என்றார். வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. இட்லி கேட்டான். ஒன்றரை தின்றான்.

மூத்திரம் குறைவாகப் போகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்னும் குறைவு. நிறையத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சத்தம் போட்டார். முகம் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

கிட்னியில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதைத் தாக்கிவிட்டது. டாக்டர் வைத்தியம் செய்து பார்க்கலாம் என்றார். ஆனால் அதற்கான மருந்து எதிர்ப்பு சக்தியை மறுபடியும் அடக்கும், வைரஸ் திரும்ப எழும்பும். நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது.

"வேணாம்" என்றேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை.

"அந்தக் காமா டெல்டா செல்லுதான் கிட்னியையும் அடிச்சுதா டாக்டர்?"

"இருக்கலாம். அதுக்கும் பங்கு உண்டுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. உறுதியாத் தெரியாதும்மா."

"எடுத்துருவீங்களா அத?"

"தொந்தரவு செய்யாத வரைக்கும் எடுக்க மாட்டோம். அப்படியே சுருங்கி உள்ளேயே கிடக்கும்."

கேன்டீனில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தேன். ஆறியது. வேறு வாங்கினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

அவர் வந்தார். சொல்லாமல் வந்தார். நயினாரைப் பார்க்க உள்ளே வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினார். இளைத்திருக்கிறார். தாடி.

"அதுவும் போச்சாமே."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? அன்னைக்கே வேணாம்னு சொன்னேன். ஒரு பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு இதெல்லாம் வேணாம்டின்னு கெஞ்சினேன். கமிட்டிக்காரன் முன்னால உன் மூஞ்சியப் பாத்துத்தான் சரின்னேன். இப்ப என்ன மிஞ்சுச்சு?"

"அவன் மிஞ்சியிருக்கான்."

"நீ மிஞ்சியிருக்கியா?" என்றார். "உன் மூஞ்சி வீங்கிக் கெடக்கு. கண்ணாடி பாத்தியா? இன்னொண்ணும் போனா என் பிள்ளைக்கு யாருட்டி இருக்கா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"எனக்கு முடியல, ஆவுடை. ஒவ்வொரு போனும் நீ செத்துட்ட சேதியோன்னுதான் பயப்படுதேன். அதான் எடுக்கவே இல்ல. தாரணி என்கிட்டயே இருக்கட்டும். நீ தம்பியப் பாரு. வக்கீல்கிட்டப் பேசியிருக்கேன். சண்ட வேணாம்."

சாத்துக்குடிப் பை ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நயினாருக்குப் பழச்சாறு கூடாது. எஸ்தர் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

எஸ்தர் சிஸ்டர் என்னை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய் எனக்கும் ரத்தம் எடுத்தார்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று டயாலிசிஸ். மெஷின் பக்கத்தில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். நயினாரின் ரத்தம் சிவப்புக் குழாயில் போய் நீலக் குழாயில் வருகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வருடம் இப்படிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் இது முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

"எக்கா" என்றான். "என்ன மன்னிச்சிரு."

"எதுக்குல?"

"ஒன் கிட்னிய நான்தான் கொன்னுட்டேன். தபசுக்குப் போயி. வைரஸ எங்கேயோ வாங்கிட்டு வந்து... நீ அன்னைக்கே சொன்ன. நான் கேக்கல. இப்ப அத்தானும் போயிட்டாரு. எனக்குத் தெரியும், சிஸ்டர் பேசுனது காதுல விழுந்துச்சு. எல்லாம் என்னாலதான்."

அழுதான். அழுதால் குழாய் ஆடுகிறது, மெஷின் கூவுகிறது. டெக்னீஷியன் வந்து அமர்த்திவிட்டுப் போனார்.

நான் சொல்லிவிட்டேன். தபசு இல்லை, கூட்டம் இல்லை, அந்த வைரஸ் என் உடம்பில் இருந்தது, கிட்னியோடு உனக்குள் வந்தது, டாக்டர் முதல் வாரமே சொன்னார் என்று. ஒரே மூச்சில் சொன்னேன்.

அழுகை நின்றது. என்னையே பார்த்தான்.

"முதல் வாரமேவா?"

"ஆமா."

"நான் தெனமும் புலம்பினேன்லா. தபசு, தபசுன்னு. ஐ.சி.யு.ல கண்ண மூடினா அந்தக் கூட்டம்தான் வந்துச்சு. நீ பக்கத்துலதான நின்ன?"

நழுவிய போர்வையை இழுத்துவிடப் போனேன்.

"போக்கா" என்றான். "செத்த நேரம் வெளிய போ."

போனேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பேசவில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறான், சாப்பிடுகிறான், தட்டை நீட்டுகிறான்.

அக்டோபர் 16, புதன்

இன்றும்.

அக்டோபர் 18, வெள்ளி

சவரம் செய்யக் கண்ணாடி கேட்டான். நான் பிடித்துக்கொண்டேன். பாதி முகம் முடிந்ததும் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்ல ரெண்டு நாளு ஆச்சே. நீ எதுக்குக்கா யோசிச்ச?"

கண்ணாடி ஆடியது. "நேராப் பிடி" என்றான்.

"அது செத்துரும்னு சொன்னாவ. அது மட்டும்தான்ல எனக்கு..."

மீதி முகத்தையும் வழித்து முடித்தான். முகம் துடைத்தான். பிறகு சொன்னான்: "எனக்கும் அது சாகக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. அதான் ஒன்கிட்டத் தள்ளிவிட்டேன். நான் வாயத் தெறந்து சொல்லிருந்தா அன்னைக்கே ஆயிருக்கும்."

சாயங்காலம் அவனாகவே, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டான்.

அக்டோபர் 25, வெள்ளி

டிஸ்சார்ஜ். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், தென்காசியில் செய்துகொள்ளலாம். இன்னொரு கிட்னிக்கு அரசாங்க வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறது. வருடங்கள் ஆகும் என்றார்கள். வராமலும் போகலாம்.

கிளம்பும்போது டாக்டர் பெனாசிரிடம் கேட்டேன். "அந்த வைரஸ் போயிருச்சா?"

"போகாதும்மா. அடங்கியிருக்கு. இனி அவருக்குள்ளயும் இருக்கும், உங்களுக்குள்ள இருக்கிற மாதிரி."

"திரும்ப எழும்பினா?"

"அந்தச் செல்லெல்லாம் இப்ப அதைப் பழகிருச்சு. நாளைக்கே வேற கிட்னி வச்சு மாத்திரை குடுத்தாலும் அதுங்க ரத்தத்துல இருக்கும்னுதான் நம்புறோம்."

பிறகு என் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார். என் மீதிக் கிட்னி சோர்ந்திருக்கிறது. பி.பி. மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. "தம்பிக்கு வர்ற நாள்ல நீங்களும் வாங்க. தப்பிக்கக் கூடாது. இப்ப நான் பாக்க வேண்டிய பேஷண்ட் ரெண்டு பேர்." அவர் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் நயினார் ஜன்னலோரம். ராஜபாளையம் தாண்டும் வரை என் தோளில் தலை வைத்துத் தூங்கினான். லேசாக இருந்தான்.

நவம்பர் 6, புதன்

அவருக்கு போன் செய்தேன். எடுத்தார்.

"சண்ட வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கும் வேணாம். சனி ஞாயிறு தாரணி என்கூட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போவேன். எனக்கு உடம்பு சரியில்லங்கறதையும் அவகிட்ட நானே சொல்லுவேன்."

"அவ வந்தான்னா கூட்டிட்டுப் போ" என்றார். "நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதன்னும் சொல்ல மாட்டேன்."

நவம்பர் 15, வெள்ளி

கோவில்பட்டி. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூட்டம். அவரும் வந்திருந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை. இரண்டு பேரும் வாசலின் இரு பக்கமும் நின்றோம்.

மணி அடித்தது. தாரணி வந்தாள். உயர்ந்திருக்கிறாள். யூனிபார்ம் கணுக்காலுக்கு மேலே நின்றது. என்னைக் கண்டாள். ஓடி வரவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கம் நடந்து வந்து ஓர் அடி தள்ளி நின்றாள்.

"மாமா செத்துருவாரா?"

"இல்ல. டயாலிசிஸ் செஞ்சிக்கிட்டு இருப்பான்."

"நீ குடுத்தது?"

"அது போயிருச்சு."

"நீ?"

பொய் சொல்ல வாய் வந்தது. "எனக்கும் கொஞ்சம் சரியில்ல" என்றேன். "மாத்திரை சாப்பிடுதேன். மாசாமாசம் டாக்டர்கிட்டப் போகணும். போயிக்கிட்டு இருக்கேன்."

"அப்பா சொல்லவே மாட்டாவ. கேட்டா வெளிய போயிருவாவ. ஆச்சி அழும். யாருமே சொல்லல." உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு புத்தகப் பையைக் கழற்றினாள். என் இடது பக்கம் வந்தவள், நான் அங்கே தழும்பின் மேல் கையை அணைத்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, சுற்றிப் போய் வலது தோளில் பையை மாட்டினாள். மாட்டியவள் உடனே, "கனமா இருக்கா?" என்று கேட்டு ஒரு வாரைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நாங்கள் பையை இருவருமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.